ஆட்டக்காரரின் மதிப்பு: கணக்கில் வருவதும் வாராததும்

எங்கள் பள்ளி கோல சிலாங்கூர் மாவட்டத்தில், செம்பனைத் தோட்டமொன்றின் ஓரத்தில் அமைந்தது. மாணவர் தொகை நூறைத் தாண்டாத சிறு பள்ளி. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பெண் பிள்ளைகளின் வலைப்பந்துக் குழு, பள்ளிகளுக்கிடையே நடந்த போட்டியொன்றில் அரையிறுதி வரை சென்று திரும்பியது. பெரிய பள்ளிகளுக்கு இது செய்தியே ஆகாது. எங்களுக்கோ அது திருவிழா. பரிசளிப்புக்கு முந்திய நாள் மாலை ஆசிரியர் அறையில் ஒரு வழக்கு எழுந்தது. வாங்கி வைத்திருந்த கோப்பை ஒன்று. 'சிறந்த ஆட்டக்காரர்' என்று அதில் எழுத்தும் பொறித்தாகிவிட்டது. யாருக்குக் கொடுப்பது?

இரண்டு பெயர்கள் அடிபட்டன. ஒரு பிள்ளை கோல் ஷூட்டர். உயரமானவள், எங்கள் குழு போட்ட கோல்களில் பாதிக்கு மேல் அவள் கையால் விழுந்தவை. மற்றவள் கோல் டிஃபென்ஸ். அவள் ஒரு கோலும் போட்டதில்லை, போடவும் இயலாது. வலைப்பந்தில் ஏழு பேர் களத்தில் நின்றாலும் கோல் ஷூட்டர், கோல் அட்டாக் என்னும் இருவர்தாம் வளையத்தில் பந்தை இடலாம் என்பது விதி. மற்ற ஐவரும் ஆயுள் முழுதும் ஆடினாலும் அவர்கள் பெயருக்கு நேரே ஒரு கோலும் ஏறாது. எங்கள் பயிற்றாசிரியை அந்த இரண்டாம் பிள்ளைக்காக வாதாடினார். "அவள் இல்லாவிட்டால் முதல் ஆட்டத்திலேயே வீடு திரும்பியிருப்போம்" என்றார். "அதற்கு ஆதாரம்?" என்று கேட்டவர்களுக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. கை தூக்கிப் பார்த்தோம். கோப்பை கோல் ஷூட்டருக்குப் போயிற்று. நானும் அந்தப் பக்கமே கை தூக்கினேன்.

விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, இரண்டாம் பிள்ளையின் தகப்பனார் என்னிடம் வந்தார். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுபவர், அதிகம் பேசாதவர். "ஐயா, தப்பா நினைச்சுக்காதீங்க. எம்மக நல்லா ஆடுறாளா இல்லியா? வீட்டுல கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறா. பலகையில ஒட்டியிருக்கிற தாளுல அவ பேருக்கு நேரா ஒண்ணுமே இல்லியே" என்றார். கோப்பைக்காக அவர் கேட்கவில்லை. மெய்யாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "நன்றாகத்தான் ஆடுகிறாள்" என்று நான் சொன்ன பதில் எனக்கே வெறும் மரியாதைச் சொல்லாகப் பட்டது. அன்று சொல்ல இயலாத பதிலைத் தேடிப் படித்தவற்றைத்தான் இங்கே வாசகர்முன் வைக்கிறேன்.

வலைப்பந்துக்குத் தாய் கூடைப்பந்து. 1891-ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், குளிர்காலத்தில் கூரையின்கீழ் ஆடுவதற்கென இரண்டு பீச்சுப் பழக்கூடைகளை மாட்டி அவ்வாட்டத்தைத் தொடங்கிவைத்தார். சில ஆண்டுகளுக்குள் அது இங்கிலாந்தில் பெண்களுக்கென மாற்றியமைக்கப்பட்டு வலைப்பந்தாயிற்று. எங்கள் ஆசிரியர் அறையில் எழுந்த வழக்கு, அந்தத் தாய் ஆட்டத்தில் மிகப் பெரிய அளவில் ஏற்கனவே நடந்த வழக்கு. வாதி, பிரதிவாதி இருவர் பெயரும் உலகப் புகழ் பெற்றவை: வில்ட் சேம்பர்லேன், பில் ரஸ்ஸல்.

சேம்பர்லேன் ஏழடிக்கு மேல் உயரமுள்ளவர். 1961-62 ஆட்டப் பருவத்தில், ஃபிலடெல்ஃபியா வாரியர்ஸ் குழுவுக்காக 80 ஆட்டங்களில் ஆடி 4,029 புள்ளிகள் எடுத்தார். சராசரி ஆட்டத்துக்கு 50.4. அதற்கு முன்னும் பின்னும் எவரும் அந்தச் சராசரியை எட்டவில்லை. 1962-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள், ஹெர்ஷி என்ற சிற்றூரில் நியூயார்க் குழுவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தார்: களத்திலிருந்து இட்ட பந்துகள் 36, தண்ட எறிதலில் 28. இன்றும் முறியாத சாதனை அது.

ரஸ்ஸல் பாஸ்டன் செல்டிக்ஸ் குழுவின் நடு ஆட்டக்காரர். அதே பருவத்தில் அவருடைய சராசரி 18.9. சேம்பர்லேனின் கணக்கில் பாதியும் இல்லை. வளையத்தில் பட்டு மீளும் பந்துகளைக் கைப்பற்றியதிலும் சேம்பர்லேனே முந்தினார்: அவர் 25.7, ரஸ்ஸல் 23.6. எழுதிவைத்த கணக்கை மட்டும் பார்த்தால் இது வழக்கே அன்று. பத்திரிகையாளர்கள் அவ்வாண்டின் சிறந்த ஐவரைத் தெரிந்தெடுத்தபோது, நடு ஆட்டக்காரர் இடத்தைச் சேம்பர்லேனுக்கே கொடுத்தார்கள். ரஸ்ஸலை இரண்டாம் ஐவரில் வைத்தார்கள். ஆனால் அதே ஆண்டு, 'மிகப் பயன்மிக்க ஆட்டக்காரர்' என்ற விருதுக்கு வாக்களித்தவர்கள் ஆட்டக்காரர்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது ரஸ்ஸலை.

வாசகர்கள் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டுகிறேன். கூரையோரம் அமர்ந்து கணக்கெழுதியவர்கள் ஒருவரைச் சொன்னார்கள். அவ்விருவர்மீதும் தோளோடு தோள் மோதியவர்கள் மற்றவரைச் சொன்னார்கள். பின்னவர்கள் கண்டது என்ன?

ரஸ்ஸலின் தொழில் தடுத்தல். எதிராளி வளையத்தை நோக்கி எறியும் பந்தை நடுவானில் தடுப்பதில் அவருக்கு நிகரானவர் அரிது. ஆனால் தடுப்பது பெரிதன்று. தடுத்த பந்தை என்ன செய்தார் என்பதுதான் பெரிது. உயரமுள்ள பலர் அந்தப் பந்தை ஓங்கி அறைந்து பார்வையாளர் வரிசைக்கு அனுப்புவார்கள். கூட்டம் ஆர்ப்பரிக்கும்; பந்து எல்லை கடந்ததால் அது மீண்டும் எதிர்க்குழுவின் கைக்கே போகும். ரஸ்ஸல் பந்தை மெல்லத் தட்டிக் களத்துக்குள்ளேயே நிறுத்தித் தம் தோழரின் கையில் சேர்ப்பார். ஆர்ப்பரிப்பு குறைவு. ஆனால் எதிராளிக்கு வரவேண்டிய வாய்ப்பு போயிற்று. அதோடு நமக்கு ஒரு வாய்ப்பு வந்தது. ஒரே செயலில் இரண்டு கணக்கு. இன்னொன்றும் உண்டு: ஓரிரு முறை இவ்வாறு பறிகொடுத்த எதிராளி அடுத்த முறை வளையத்தை நெருங்கவே தயங்கி, தொலைவிலிருந்து தாறுமாறாக எறிவான். எறியாமல் விட்ட பந்தை எந்தக் கணக்கரும் எழுதமாட்டார்.

எழுத இடமும் இல்லை. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துக் கழகம், தடுத்த பந்துகளை அதிகாரபூர்வமாகக் குறிக்கத் தொடங்கியதே 1973-74 பருவத்திலிருந்துதான். ரஸ்ஸல் 1969-இல் ஓய்வு பெற்றுவிட்டார். தம் வாழ்நாளில் எத்தனை பந்துகளைத் தடுத்தார் என்பதற்கு முழுமையான கணக்கு எங்கும் கிடையாது. ஒரு மனிதர் எதனால் உயர்ந்தவரோ, அதற்கு மட்டும் தாளில் கட்டம் இல்லை! டிராக்டர் ஓட்டும் அந்தத் தகப்பனாரின் கேள்வி எனக்கு நினைவு வந்தது இதைப் படித்தபோதுதான்.

ஆசிரியப் பயிற்சியில் மதிப்பீட்டைப் பற்றிப் படித்தவர்கள் இரண்டு சொற்களை மறந்திருக்கமாட்டார்கள்: நம்பகம், ஏற்புடைமை. ஒரே விடைத்தாளை இருவர் திருத்தினாலும் ஒரே மதிப்பெண் வருமானால் அச்சோதனை நம்பகமுடையது. ஆனால் சோதிக்க வேண்டியதைத்தான் அது சோதிக்கிறதா என்பது வேறு கேள்வி, அதுவே ஏற்புடைமை. கையெழுத்தின் அழகுக்கு மதிப்பெண் போட்டுவிட்டு அதைக் கணித அறிவு என்று சொன்னால், அந்த மதிப்பெண் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் ஏற்புடையதன்று. புள்ளிக் கணக்கு மிக நம்பகமானது. பந்து வளையத்தில் விழுந்ததா இல்லையா என்பதில் இரு கருத்து எழாது. ஆகையால்தான் நாம் அதைப் பிடித்துக்கொள்கிறோம். ஆனால் 'யார் போட்டார்?' என்ற கேள்விக்கு விடையாகும் எண்ணை, 'யாரால் வென்றோம்?' என்ற கேள்விக்கும் விடையாக எழுதிவிடுகிறோம். பயிற்சிக் கல்லூரியில் இதைப் பாடமாகப் படித்துத் தேர்வும் எழுதியவன், தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்ந்து கோப்பைக்குக் கை தூக்கியபோது மறந்துபோனேன்.

சரி, யாரால் வென்றோம் என்பதை எப்படி அறிவது? முதல் வழி எளியது: அவர் இருந்தபோது என்ன நடந்தது, இல்லாதபோது என்ன நடந்தது என்று பார்ப்பது. ரஸ்ஸல் ஆடிய 13 பருவங்களில் பாஸ்டன் 11 முறை வெற்றிக் கோப்பை பெற்றது. பெறாத இரண்டில் ஒன்று 1958. அவ்வாண்டு இறுதித் தொடரின் மூன்றாம் ஆட்டத்தில் ரஸ்ஸல் கணுக்காலில் காயமுற்றார், பாஸ்டன் 2-4 என்று தொடரை இழந்தது. அவருடைய கடைசிப் பருவமான 1968-69இல் பாஸ்டன் 48 ஆட்டங்களில் வென்று 34இல் தோற்று, முடிவில் கோப்பையையும் பெற்றது. அவர் விலகிய மறு பருவத்தில் கணக்கு அப்படியே தலைகீழாயிற்று: வெற்றி 34, தோல்வி 48. கண்ணாடியில் பார்த்தது போன்ற எண்கள்.

இதைக் கண்டவுடன் தீர்ப்பு எழுதிவிட மனம் துடிக்கும். அவசரப்படக்கூடாது. ரஸ்ஸலோடு அதே ஆண்டு சேம் ஜோன்ஸ் என்ற தேர்ந்த ஆட்டக்காரரும் ஓய்வு பெற்றார். அதுமட்டுமன்று; கடைசி மூன்று பருவங்களில் ரஸ்ஸலே குழுவின் பயிற்றுநராகவும் இருந்தார். ஆக, பாஸ்டன் ஒரே நாளில் தடுப்பாளரை இழந்தது, எறிவதில் வல்லவரை இழந்தது, பயிற்றுநரையும் இழந்தது. அந்த 14 ஆட்டச் சரிவில் யாருடைய பங்கு எவ்வளவு? இதைப் பிரித்துச் சொல்ல எந்தத் தராசும் இல்லை. சேம்பர்லேனுடைய பக்கத்து நியாயமும் இதுவே. ரஸ்ஸலைச் சுற்றிப் பாஸ்டனில் நின்றவர்கள் பலர் தாமே பெரிய ஆட்டக்காரர்கள். 1962-இல் இவ்விரு குழுக்களும் மோதிய தொடர் ஏழாம் ஆட்டம் வரை சென்றது. அந்த ஏழாம் ஆட்டத்தில் பாஸ்டன் வென்றது 109-107 என்று, இரண்டே புள்ளிகளில். கடைசி நொடிகளில் பந்தை வளையத்தில் இட்டவர் சேம் ஜோன்ஸ். அந்தப் பந்து விளிம்பில் பட்டு வெளியே விழுந்திருந்தால் நாம் இன்று வேறு கதை பேசிக்கொண்டிருப்போம்.

சேம்பர்லேனின் பிற்கால வரலாறு இன்னும் சுவையானது. 1966-67இல் புதிய பயிற்றுநரின் சொற்படி அவர் தாமே எறிவதைக் குறைத்துத் தோழர்களுக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார். சராசரி 24.1 ஆக, முன்னதில் பாதிக்கும் கீழே இறங்கியது. அந்தப் பருவத்தில்தான் அவருடைய ஃபிலடெல்ஃபியா 76ஏர்ஸ் குழு 68 ஆட்டங்களில் வென்று, 13இல் மட்டுமே தோற்று, பாஸ்டனின் எட்டாண்டுத் தொடர் வெற்றியை முறித்துக் கோப்பையைப் பெற்றது. புள்ளி குறைந்தது, வெற்றி கூடிற்று. மறு ஆண்டு அவர் எடுத்துக் கொடுப்பதிலேயே முதலிடம் பெற்றார்; 702 முறை அவர் கொடுத்த பந்து புள்ளியாயிற்று. அவ்வாண்டோ பாஸ்டனிடம் 3-1 என்று முன்னிலையில் இருந்த தொடரையும் கோட்டைவிட்டார்கள். எந்தக் கட்டத்தையும் நிரப்புவதே குறிக்கோளாகிவிட்டால், கட்டம் நிரம்பும். ஆட்டம் நிரம்பவேண்டும் என்பதில்லை.

'இருந்தபோது, இல்லாதபோது' என்னும் இந்த எண்ணத்தைப் பிற்காலத்தார் ஒரு கணக்காகவே ஆக்கிவிட்டனர். ஒருவர் களத்தில் நிற்கும் நேரத்தில் நம் குழு எடுத்த புள்ளிகளைக் கூட்டலாகவும், எதிர்க்குழு எடுத்ததைக் கழித்தலாகவும் எழுதிக்கொண்டே வந்தால் அவருக்கு ஓர் எண் கிடைக்கும். பனிவளைகோல் ஆட்டத்தில் 1960களிலேயே இம்முறை வழக்கிலிருந்தது. கூடைப்பந்து அதைப் பின்னர் ஏற்றது. எடுத்துக்காட்டாக, ஒரு பிள்ளை களத்தில் நின்ற நேரத்தில் நாம் 9, அவர்கள் 5 என்றால் அவளுக்குக் கூட்டல் 4. அவளை வெளியே அமர்த்திய நேரத்தில் நாம் 2, அவர்கள் 6 என்றால் அங்கே கழித்தல் 4. அவள் ஒரு கோலும் போடாமலே, அவள் வரவால் ஆட்டம் மாறியது தெரிகிறது. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகூடப் போடக்கூடிய கணக்கு. ஆனால் ஓர் ஆட்டத்தை வைத்து இதை நம்பக்கூடாது; வலிமை குன்றிய ஏழு பேர் எதிரே நின்றபோது அவள் ஆடியிருக்கலாம், அல்லது நல்ல தோழிகள் ஆறு பேர் அன்று உடனிருந்திருக்கலாம். பல ஆட்டங்கள், பல சேர்க்கைகள் கூடக்கூடத்தான் எண் உண்மைக்கு அருகே வரும்.

அவ்வாறு பல ஆட்டங்களைக் கூட்டிப் பார்த்தவர்களுக்கு அகப்பட்ட ஒருவர் ஷேன் பேட்டியர். ஹியூஸ்டன் ராக்கெட்ஸ் குழுவில் 2006-இல் சேர்ந்தவர். வாழ்நாள் சராசரி 8.6 புள்ளிகள்தாம், உயரத் தாவுவதுமில்லை, விரைந்து ஓடுவதுமில்லை. ஆனால் அவர் களத்தில் நின்றால் தோழர்கள் தங்கள் வழக்கத்தைவிட நன்றாகவும், எதிராளிகள் தங்கள் வழக்கத்தைவிட மோசமாகவும் ஆடினார்கள். 2009-இல் மைக்கேல் லூயிஸ் என்னும் எழுத்தாளர் அவரைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை, இந்த விவாதத்தைப் பலரிடம் கொண்டுசேர்த்தது. கோபி பிரயண்ட் போன்ற பெரும் நட்சத்திரத்தை எதிர்கொள்ளும்போது பேட்டியர் பந்தைப் பறிக்க முயலமாட்டார். அந்த நட்சத்திரம் எந்த இடத்திலிருந்து எறிந்தால் அதிகம் தவறும் என்பதை முன்கூட்டியே படித்து, மெல்ல மெல்ல அந்த இடத்துக்கே அவரை ஒதுக்குவார். எறியும் நொடியில் கண்முன்னே கையை நீட்டுவார். பந்து தவறும். 'கோபி தவறவிட்டார்' என்று தாளில் எழுதப்படும். யாரால் தவறியது என்று எழுத இடமில்லை. பிற்பாடு மயாமி குழுவில் சேர்ந்து 2012, 2013 ஆகிய ஈராண்டும் கோப்பை பெற்றார்.

இவையெல்லாம் கடல் கடந்த கதைகள் என்று சொல்பவர்களுக்கு, நம் சிலாங்கூரிலேயே ஒன்று உண்டு. கூடைப்பந்தைவிடக் காற்பந்தே நம் தோட்டப்புறத்துக்கு நெருங்கிய ஆட்டம். 1970களில் சிலாங்கூர்க் காற்பந்து என்றால் மொக்தார் டஹாரி. 1953-இல் பிறந்தவர், 1991-இல் நோயால் இளவயதிலேயே மறைந்தார். மலேசியாவுக்காக 142 ஆட்டங்களில் 89 கோல்கள். வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து அவர் பெயரைக் கேட்டு எழுந்து குதித்த தோட்டத்து மக்களின் பிள்ளைகள் நாங்கள். அந்தப் புகழில் ஓர் அணுவையும் நான் குறைக்க வரவில்லை.

ஆனால் அவர் முன்னே கவலையின்றி ஓடுவதற்குப் பின்னே யார் நின்றார்கள்? சோ சின் ஆன், சந்தோக் சிங் என்னும் இரு தற்காப்பு ஆட்டக்காரர்கள், வலையின்முன் ஆர். ஆறுமுகம். சோ சின் ஆன் நாட்டுக்காக ஆடிய ஆட்டங்கள் 195. உலகில் மிகச் சிலரே அந்த எண்ணைக் கடந்திருக்கிறார்கள். ஆறுமுகம் நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் பெற்றவர். 1988-இல் சாலை விபத்தில் இறந்தார். கோல் காவலரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவர் விட்ட கோல்கள் எழுதப்படும். பிடித்த பந்துகள் பார்த்தவர் கண்ணோடு போய்விடும்.

1980-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள், மாஸ்கோ ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்றில், மெர்டேக்கா அரங்கத்தில் மலேசியா தென் கொரியாவை 2-1 என்று வென்றது. ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் நம் குழு மாஸ்கோவுக்குப் போகவில்லை என்பது வேறு கதை. 2016-இல் வந்த 'ஓலா போலா' திரைப்படத்துக்கு வித்து அந்த ஆட்டம். வெற்றிக் கோலைப் போட்டவர் ஜேம்ஸ் வோங். பதிவேட்டில் நிற்பது அவர் பெயர். எதிராளிகளைத் தம் பக்கம் இழுத்து, ஜேம்ஸ் வோங்கின் காலடியில் பந்தைச் சேர்த்தவர் ஹசான் சானி. நல்லவேளையாக, பார்த்தவர்கள் அதை மறக்கவில்லை. இன்றும் அந்தக் கோலைச் சொல்லும்போது இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்கிறார்கள். கணக்குத் தாள் விட்டதை ஊர் வாய் பிடித்துவைத்திருக்கிறது.

இவ்வளவும் சொன்னபின், நட்சத்திரத்துக்காகவும் ஒரு சொல் சொல்லாவிட்டால் நான் ஒருதலை வழக்குரைப்பவன் ஆவேன். அடக்கமாய் ஆடுபவரைப் போற்றுகிறேன் என்று தொடங்கி, கோல் போடுபவரைத் தன்னலக்காரர் என்று ஏசுவது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. அது பிழை. கோல் போடுவது அரிய திறமை. நேரம் முடியும் தறுவாயில், மூவர் சூழ நிற்கையில், 'என்னிடம் கொடு' என்று கை நீட்டத் துணிவு வேண்டும். தவறினால் பழி முழுவதும் அந்த ஒருவருக்கே. மேலும், அவர் நிற்பதாலேயே எதிராளி இருவர் அவரைச் சுற்றி நிற்கிறார்கள்; மற்ற தோழர்களுக்கு இடம் கிடைக்கிறது. இதுவும் தாளில் எழுதப்படாத தொண்டுதான். மொக்தார் கோல் போடாத ஆட்டத்திலும் மொக்தாருக்கு அஞ்சியே எதிராளிகள் ஆடினார்கள். ஆக, கணக்குத் தாள் தடுப்பாளருக்கு மட்டும் அநீதி செய்யவில்லை. நட்சத்திரத்தின் மெய்யான மதிப்பையும் அது முழுமையாகச் சொல்வதில்லை.

தோட்டத்துக் கணக்கு இதைவிட அறிவுள்ளது என்று எனக்கு அடிக்கடி தோன்றும். மலாயாவில் செம்பனையை வாணிகப் பயிராக முதலில் நட்டது எங்கள் மாவட்டத்தில்தான். 1917-இல், தென்னமரம் தோட்டத்தில், ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். நூறாண்டுக்கு மேல் பழகிய தொழில். ஒருவர் நீண்ட கழியில் கட்டிய அரிவாளால் குலையை வெட்டி வீழ்த்துவார். பார்க்கப் பெரிய வேலை. வலிமையும் குறியும் வேண்டும். பின்னால் ஒருவர் குனிந்து உதிரிப் பழங்களைப் பொறுக்குவார். எங்கள் காலத்தில் கணவன் வெட்ட, மனைவி பொறுக்குவாள். இன்று இவ்வேலையில் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளரே இருக்கிறார்கள். உதிர்ந்த பழம் நன்கு கனிந்த பழம். எண்ணெய்ச் சத்து அதில்தான் மிகுதி. அதைப் புல்லில் விட்டுவிட்டால் எண்ணெயை விட்டதாகும். இதை அறிந்ததால்தான் தோட்டத்துக் கிராணி குலைக்கு ஒரு கணக்கும் உதிரிக்குத் தனியாக ஒரு கணக்கும் எழுதுகிறார். ஆலையில் பிழிந்து பார்த்தவர் யாரோ சொல்லித்தான் அந்த இரண்டாம் கட்டம் ஏட்டில் ஏறியிருக்கும். எங்கள் பள்ளித் தாளில் அதை ஏற்ற ஒருவருமில்லை.

பள்ளித் தாள் என்றதும் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 1988 முதல் நடந்து, 2021-இல் நீக்கப்பட்டது. அது இருந்த காலத்தில், முடிவு வெளியாகும் நாளில் மாலையும் கைதட்டலும் ஆறாம் ஆண்டு ஆசிரியருக்கே. முதலாம் ஆண்டில் அந்தப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டக் கற்பித்து, பென்சில் பிடிக்கும் விரலைத் திருத்தி, அழுதவளை மடியில் வைத்துச் சமாதானம் செய்த ஆசிரியை கூட்டத்தின் பின்வரிசையில் நின்றுகொண்டிருப்பார். இருபதாண்டுகளுக்கு மேல் முதலாம் ஆண்டையே நடத்திய ஒருவரை நான் அறிவேன். அவரிடம் படித்த பிள்ளைகள் வேறு; ஆறாம் ஆண்டு வகுப்பில் அமர்ந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டாலே தெரிந்துவிடும். அவருக்கு நேரே எழுத ஒரு கட்டம் எந்தப் படிவத்திலும் இருந்ததில்லை.

வலைப்பந்துக்குத் திரும்புகிறேன். அவ்வாட்டத்தின் விதியை ஆராய்ந்தால், எங்கள் பயிற்றாசிரியை சொன்னதற்கு ஆதாரம் விதியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கோலுக்குப் பின்னும், யார் போட்டிருந்தாலும், நடுவிலிருந்து பந்தைத் தொடங்கும் உரிமை இரு குழுக்களுக்கும் மாறி மாறி வரும். இரு குழுக்களும் தத்தம் முறையில் தவறாமல் கோல் போட்டால், ஆட்டம் முழுவதும் கணக்குச் சமமாகவே போகும். வேறுபாடு எப்போது பிறக்கும்? ஒருவர் குறி தவறும்போது. அல்லது ஒருவர் மற்றவர் பந்தை இடைமறிக்கும்போது.  அப்படியானால் இடைமறிப்பவள் குழுவுக்குச் செய்வது, ரஸ்ஸல் பாஸ்டனுக்குச் செய்ததேதான்: எதிராளியின் முறை ஒன்றைப் பறித்து நம் முறையாக்குகிறாள். அந்தப் பந்து நடுக்களம் கடந்து கோல் ஷூட்டரின் கைக்கு வந்து வளையத்தில் விழும்போது, கோல் ஒன்று. ஆனால் ஆக்கியவர் குறைந்தது இருவர்.

ஆகவே அடுத்த ஆண்டு தாளை மாற்றினோம். கோலுக்கு ஒரு கட்டம், கோலுக்கு முன் கடைசியாகப் பந்து கொடுத்தவளுக்கு ஒரு கட்டம், இடைமறித்ததற்கு ஒன்று, பந்தைத் தவறவிட்டதற்கு ஒன்று. ஐந்தாம் ஆண்டு மாணவர் நால்வர் களத்தோரம் பெஞ்சில் அமர்ந்து கோடு போட்டுக் குறிக்கிறார்கள். கணிதப் பாடமும் அதில் நடந்துவிடுகிறது. முதல் ஆண்டிலேயே ஒரு வியப்பு: எல்லாக் கட்டமும் கூட்டியபோது முதலிடம் வந்தவள் எவரும் எதிர்பாராத சென்டர் ஆட்டக்காரி, இடைமறித்ததில் அதிகமில்லை, கோல் போடவே இயலாது, ஆனால் பந்தைத் தவறவிட்டது ஆண்டு முழுவதும் ஏழு முறைதான். கோல் ஷூட்டரும் கீழே போய்விடவில்லை, இரண்டாம் இடம்.

அந்தத் தகப்பனாரைச் சென்ற ஆண்டு தோட்டத்துக் கோயில் திருவிழாவில் கண்டேன். மகள் இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். அங்கும் வலைப்பந்துதான், அங்கும் கோல் டிஃபென்ஸ்தான் என்றார். பழைய கேள்வியை நினைவூட்டி, பந்தல் காலருகே நின்றுகொண்டே இந்த மாறி மாறி வரும் முறைக் கணக்கைச் சொல்லிக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "அப்போ, அவ பந்தைப் புடுங்குனா நமக்கு ரெண்டு கோலு மாதிரிங்களா ஐயா?" என்றார். "சில வேளை ஒன்று, சில வேளை இரண்டு. ஷூட்டர் தவறாமல் போட்டால் இரண்டு" என்றேன். "அதுக்கு அந்தப் புள்ள போடணும்" என்று தலையசைத்தார்.

எங்கள் புதிய தாளிலும் தகராறு இல்லாமல் இல்லை. விரல் நுனி பட்டுப் பந்து திசை மாறினால் அது இடைமறிப்பா, இல்லையா? பெஞ்சில் அமர்ந்து குறிக்கும் நால்வரில் இருவர் 'ஆம்' என்கிறார்கள், இருவர் 'இல்லை' என்கிறார்கள். பயிற்றாசிரியை அரைக்கோடு போடச் சொல்லியிருக்கிறார்.